இருபது போடாத பெண்

தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரோஸ்லின் சிஸ்டர் என்றால் டாக்டர்களே எழுந்து நிற்பார்கள். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. முப்பது வருஷமாக வார்டே கதியென்று கிடக்கிற மனுஷி.

அன்றைக்கு ஒரே ஒரு நர்ஸ் வேலைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் அனுபவசாலிகள். மூன்றாவது ஆள் இசக்கிப்பிரியா. படிப்பு முடித்து எட்டு மாசம். ஏறி இறங்கிய ஆஸ்பத்திரி பதினொன்று. இதுவும் இல்லையென்றால் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா? போற இடமெல்லாம் அனுபவம் இருக்கான்னு கேக்காங்க. யாருமே வேலை தரலன்னா அனுபவம் எங்க இருந்து வரும்?" என்று கேட்டாள் பிரியா.

சிஸ்டர் ஆளுக்கொரு சார்ட்டை நீட்டினார்.

"ஆளுக்கு அஞ்சு கட்டில். காய்ச்சல், நாடி, மூச்சு. பாத்து எழுதிட்டு வாங்க."

மற்ற இருவரும் பத்தே நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். பிரியா வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. போச்சு, இதுவும் போச்சு என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சிஸ்டர் முதல் இரண்டு சார்ட்டையும் பார்த்தார். மூச்சுக் கட்டத்தில் இருபது, இருபது, இருபது. அடேயப்பா, பத்து நோயாளிக்கும் ஒரே மூச்சு! வார்டில் நடக்கிற கூத்துதான் இது. ஒரு நிமிஷம் முழுசாக நின்று எண்ணச் சோம்பல்பட்டு, இருபது போட்டுவிடுவார்கள்.

பிரியா எழுதியிருந்தது பதினெட்டு, பதினாறு, இருபத்திரண்டு, முப்பது. ஐந்தாவது கட்டம் காலி.

"ஏட்டி, முப்பதா? அவ்வளவு வேகமாவா மூச்சு வாங்குது?"

"ஆமா சிஸ்டர். ரெண்டு தடவை எண்ணிட்டேன். வார்டுல டூட்டியில இருந்த நர்ஸ்ட்ட சொன்னேன். டாக்டர் வந்து பாத்துக்கிட்டு இருக்காரு."

"எப்படி எண்ணின?"

"நாடி பாக்குற மாதிரியே கையைப் பிடிச்சிக்கிட்டு நெஞ்சைப் பாத்தேன். எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிரும்லா."

சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"அஞ்சாவது என்னாச்சு?"

"அந்தத் தாத்தா பேசிக்கிட்டே இருக்காரு சிஸ்டர். மக பாக்க வரலன்னு ஒரே வருத்தம். பேசுறப்ப எண்ணினா சரியா வராது. வாயை மூடுங்கன்னு சொல்லவும் மனசு வரல. எண்ணாம எப்படி எழுத?"

அனுபவசாலிகளில் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், எனக்கு நாலு வருஷ அனுபவம் இருக்கு."

"தெரியுதும்மா" என்றார் சிஸ்டர். "எண்ணாமலே எழுத அவ்வளவு நாள் பழகணும்லா."

பிறகு காலிக் கட்டத்தோடு அந்தச் சார்ட்டைப் பிரியாவிடமே கொடுத்தார்.

"தாத்தா பேசி முடிக்கட்டும், பக்கத்துலயே இரு. யூனிஃபார்முக்குச் சாயங்காலம் அளவு குடுத்துக்கலாம்."