சுவரில் மாட்டிய ஜாக்கி

சிவசைலம் அண்ணாச்சிக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டையும் ஸ்டோராக்கிவிட்டார். அவருடைய கார் ஷெட்டைப் பார்க்கவே தெருவில் ஆட்கள் வருவார்கள். சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்து, அதன்மேல் அதை மாட்டியிருப்பார். ஸ்பானரை யாராவது எடுத்துவிட்டால் வெறும் கறுப்பு உருவம் பல்லிளிக்கும். அப்புறம் அந்த வீட்டில் ஒருத்தர் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இப்போது மலையடிவாரத்து ஆசிரமத்தில் வந்து கிடந்தார். ஒரே மகன் முகிலன் பைபாஸ் ரோட்டில் லாரி அடித்துச் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கூட வந்த மனைவி ஆவுடையம்மாள் நேரே சமையல்கட்டுக்குப் போய்க் கீரை ஆய்ந்தாள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவளுக்கு ஒரே பேச்சு. “நான்தாங்க அனுப்புனேன். தங்கச்சி வீட்டுல அப்பளக்கட்டைக் குடுத்துட்டு வாடான்னு சொன்னேன். மறுநாள் போயிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?”

ஆசிரமத்துச் சாமி, சிவசைலத்தைவிட வயதில் இளையவர். அதனால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“சாமி, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. என்ன செய்ய?”

“நம்ம ஜீப் ஷெட்டு குப்பையாக் கிடக்கு. அதைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணித் தாங்க அண்ணாச்சி.”

பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் சொல்கிற பதிலா இது? சிவசைலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஷெட்டைத் திறந்ததும் கை சும்மா இருக்கவில்லை.

காலி ஊறுகாய் பாட்டில்களின் மூடிகளைப் பலகைக்கு அடியில் வைத்து ஆணியடித்தார். பாட்டிலில் திருகாணிகளைப் போட்டு, மூடியோடு திருகித் தொங்கவிட்டார். மிச்சமாய்க் கிடந்த பிவிசி குழாயை வெட்டிச் சுவரில் பதித்து, மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் உறை செய்தார். பழைய சைக்கிள் உத்தரத்துக்கு ஏறியது. சாயங்காலத்துக்குள் தரை பளிச்சென்று தெரிந்தது.

சாமி வந்து சுற்றிப் பார்த்தார்.

“இன்னொரு ஜீப்பே நிறுத்தலாம் போலிருக்கே. எல்லாத்தையும் சுவத்துல ஏத்தீட்டிய. ஜாக்கியைக் காணோமே?”

“வண்டியில இருக்கு சாமி.”

“வண்டி நின்னுட்டா ரோட்டுல வைப்போமே, சிவப்பு முக்கோணம்?”

“அதுவும் வண்டியிலதான்.”

“காலையிலேர்ந்து பாக்கேன். வேலையை விட்டுட்டு விட்டுட்டு ஜீப்பைத் திறந்து திறந்து பாத்திய. அது ரெண்டையும்தானா?”

சிவசைலம் ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க கார்லயும் ரெண்டும் டிக்கியிலதான் கிடந்துது. கடகடன்னு சத்தம். அதுக்கு என்ன அங்க வேலைன்னு நான்தான் எடுத்துச் சுவத்துல மாட்டுனேன். படம் வரைஞ்சு, அழகா.”

சாமியும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பய போன அன்னைக்கு டயர் பஞ்சர். இருட்டிப்போச்சு. ஜாக்கி இல்லை. செல்போன் லைட்டைக் காட்டிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி நின்னிருக்கான். லாரிக்காரன் கண்ணுல அந்த வெளிச்சம் படல. காரியம் முடிஞ்சு வந்து ஷெட்டைத் திறந்தா, ரெண்டும் இருந்த இடத்துல இருக்கு சாமி. துளி தூசி இல்லாம.”

“ஜாக்கி எங்கேன்னு போலீஸ்காரங்க கேக்கலையா?”

“கேட்டாங்க. யாராச்சும் திருடியிருப்பாங்கன்னு சொல்லிட்டேன்.”

“ஆவுடையம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எழவு வீட்டுல சனம் அவுகளை என்ன சொல்லுச்சு?”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். “என் அக்காளே சொன்னா. ஒரு அப்பளக்கட்டுக்காகப் புள்ளையை வாரிக் குடுத்துட்டாளேன்னு. இவ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, ஆமா ஆமான்னா.”

“நீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

ஜீப் ஷெட்டுக்குப் பின்னால்தான் சமையல்கட்டு. அங்கே ஆவுடையம்மாள் புதிதாக வந்த ஒருத்தியிடம் அப்பளக் கதையை ஆரம்பித்திருந்தாள். முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல்.

சிவசைலம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“சாமி, ஊர்ல உள்ள சாமானுக்கெல்லாம் இடம் கண்டுபிடிச்சுக் குடுத்தவன் நான். இதை மட்டும் எங்க வைக்கன்னு எனக்குத் தெரியல.”

சாமி சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

“அன்னைக்கே வச்சிட்டியளே, அண்ணாச்சி. ஆவுடையம்மா தலையில.”