கடல் பார்த்த பக்கம்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. கடற்காற்றில் மேலெல்லாம் துரு. மறுநாள் முதலாளி வருகிறார் என்றதும் அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் மேனேஜர் வைரவநாதன்.

படகுகளுக்குப் பேர் எழுதிப் பழகிய பெயிண்டர் லூர்தையா, கம்பி பிரஷை எடுத்தார்.

"அதைக் கீழே வையும். துருவைத் தேய்க்க நேரமில்ல. சாயங்காலத்துக்குள்ள பச்சையைப் பூசிரணும்."

"தேய்க்காம அடிச்சா ஒரு மழைக்குத் தாங்காது, சார்."

"எனக்கே பாடம் சொல்லுதீரோ? உரிஞ்சா உமக்கு இங்க வேலை கிடையாது."

"சரி சார். நீங்க சொன்னபடியே அடிச்சிருதேன்."

மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் லூர்தையா சாப்பிடவில்லை. தொட்டியில் கடல் பார்த்த பக்கம், யாரும் போகாத இடத்தில், எதையோ தேய்த்தார். தேய்த்த இடத்தில் மட்டும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு தடவினார். அது வெயிலில் காய்ந்ததும் தொட்டி முழுக்கப் பச்சை அடித்தார். முதலாளி வந்து மேனேஜரைப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் மறுபடி வந்தபோது, பச்சை பாளம் பாளமாக உரிந்து கிடந்தது.

"எல்லாம் இந்த ஆளு வேலை, அண்ணாச்சி! இன்னைக்கே வெளியே அனுப்பிருதேன்."

"போறேன், சார். முதலாளி அந்தப் பக்கத்தையும் ஒருதரம் பார்த்துரட்டும்" என்றார் லூர்தையா.

அங்கே துருவுக்கு நடுவே, தேய்த்து அடித்த இடம் மட்டும் உரியாமல் நின்றது. சாண் உயரப் பச்சை எழுத்துகள்: "தேய்க்க வேண்டாம் என்றவர் மேனேஜர்."

முதலாளி இரண்டு முறை வாசித்தார். லூர்தையாவின் கம்பி பிரஷை வாங்கி மேனேஜரிடம் நீட்டினார்.

"எழுத்து இருக்கிற இடத்தை விட்டுருங்க, சார்" என்றார் லூர்தையா. "அது தாங்கும்."