கேன்டீன் மெஷினின் நாற்பது நிமிடம்

சின்னக் கதைதான், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். அங்கே பேக்கப் மென்பொருளைப் புதுப்பித்தவர் சென்னை நிபுணர் ரகோத்தமன். அதுவரை மில்லின் விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினிகளை, தினமும் இரண்டு மணி நேரத்தில் நகலெடுத்து வந்த வேலை, அன்றிலிருந்து பதினொரு மணி நேரம் இழுத்தது.

"ஆபரேட்டர் சரியில்லை. நான் செஞ்சதுல கை வைக்காம நாளைக்குள்ள வேகம் வரணும். இல்லேன்னா அனுப்பிடுங்க" என்றார் நிபுணர், முதலாளியிடம்.

ஆபரேட்டர் பேச்சியம்மாள், தற்காலிக ஊழியர். "சரிங்க சார். கேன்டீன் கணக்கு இருக்கிற மெஷினோட பேக்கப்பை மட்டும் உங்க கையாலயே ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினார். நாற்பது நிமிடம் ஆனது.

"ஏன் சார் இவ்வளவு நேரம்?"

"நேத்தைக்கு அப்புறம் மாறினதை மட்டும்தாம்மா எடுக்குது. கேன்டீன்ல தினமும் ஆயிரம் மாறும்!"

"கேன்டீனை மூடி ஆறு மாசமாச்சு சார். மெஷினையும் அன்னைக்கே அணைச்சாச்சு."

"எதுவுமே மாறாததுக்கு நாற்பது நிமிஷமா?" என்று முதலாளி நிபுணரைப் பார்த்தார். புதுப்பித்தபோது, மாறியதை மட்டும் எடுக்கும் அமைப்பு அணைந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் தினமும் முழுசாக நகலெடுத்திருக்கிறது.

"நான் கை வைக்கக் கூடாது. நீங்களே அதைத் திரும்பப் போட்டுருங்க சார்" என்றாள் பேச்சியம்மாள்.

போட்டார். வேகம் திரும்பியது, அவள் வேலையும் நிரந்தரமானது. கெட்டிக்காரி!

இப்போதெல்லாம் ரகோத்தமன் எந்த மில்லுக்குப் போனாலும் வாசலிலேயே, "இங்க கேன்டீன் நடக்குதா?" என்று கேட்கிறாராம். பசியால் அல்ல.