மேருமணிக்கு வந்த நாமம்

“எண்பத்தேழு! எனக்கு ஆச்சு, அடுத்தவன் பிடிச்சுக்கோ!”

ருத்ராட்ச மணி ஒன்று கத்த, தையல்நாயகியின் கட்டைவிரல் அடுத்த மணியை உருட்டியது. “சிவாய நம.”

“எண்பத்தெட்டு!”

ஜபமாலையே துள்ளிக்கொண்டிருந்தது. இந்தச் சுற்றும் இன்னொரு சுற்றும் முடிந்தால் கோடி நாமம். முப்பது வருஷத்து ஜபம். அப்புறம் மாலை அம்மன் கழுத்துக்குப் போய்விடும். எந்த விரலும் அதை உருட்டாது.

அதுதான் மேருமணிக்குக் கவலை. நூற்றெட்டு மணிகளுக்கும் தலைமணி அது. விரல் அதன் பக்கத்தில் வரும், தாண்டாமல் திரும்பிவிடும். ஜபத்தின் முறை அப்படி. தாண்டிவிட்டால் மொத்தக் கணக்கையும் விட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதாகத் தையல்நாயகி சங்கல்பமே செய்திருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாமம்கூட மேருவின் மேல் விழுந்ததில்லை.

“பெரியவரே, எனக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல ஆச்சு. உமக்கு?” என்றது நூற்றெட்டாம் மணி.

“தெரிஞ்சுக்கிட்டே கேட்கிறியே.”

“கோவிச்சுக்காதேயும். ஊர்வலத்துக் குடைக்குப் பந்தியில இலை போடுவாங்களா?”

மணிகள் குலுங்கிச் சிரித்தன.

“அம்மா, கற்பூரத் தட்டு ரெடி! வாசல் வரைக்கும் ஜனம்!” என்று அம்மன் சன்னிதியிலிருந்து குருக்கள் குரல் கொடுத்தார்.

விரல் வேகம் பிடித்தது.

“நூற்றாறு! நூற்றேழு! நூற்றெட்டு!”

விரல் நிற்கவில்லை. அவசரத்தில் திரும்ப மறந்து நேரே வந்தது. மேரு நிமிர்ந்து பார்த்தது. அவள் உதடு நாமத்துக்காகப் பிரிந்துவிட்டது. எனக்கு! இது எனக்குத்தான்!

விரல் இன்னும் நெருங்கியது. எழுபத்திரண்டு வயது விரல். கணு வீங்கி, நகம் தேய்ந்து, லேசாக நடுங்கிக்கொண்டு. இன்னொரு முப்பது வருஷம் அதனிடம் இல்லை.

மேரு தன் பட்டுக் குஞ்சத்தைச் சாய்த்து விரல் நுனியில் உரசியது.

விரல் சட்டென்று நின்றது. மாலையைத் திருப்பிப் பிடித்தது. “சிவாய நம.”

“எனக்கு! மறுபடி எனக்கேதான்!” நூற்றெட்டாம் மணி கூத்தாடியது. “கடைசிச் சுற்று தொடங்கியாச்சு! பார்த்தீரா, பெரியவரே?”

“பார்த்தேன், பார்த்தேன். கத்தாதே, அவளுக்கு எண்ணிக்கை தப்பிடப் போகுது.”

மணிகள் ஆரவாரமாய் எண்ணத் தொடங்கின. மேரு கலைந்துபோன குஞ்சத்தை இழை இழையாக நேராக்கிக்கொண்டது.