உடையத் தெரிந்த பிஸ்டன்

இதை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த வடிவமைப்புக் கூடத்தில் வேலை செய்த ஒருவர் சொல்லக் கேட்டது. கேட்டதற்கு மேல் எதையும் சேர்க்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஜெயசிங் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். "ஸ்டிக் அசையலை" என்று, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியைப் பற்றி ரேடியோவில் சொன்ன ஒரு விமானியின் குரல் இன்னும் அவர் காதில் இருந்தது. அந்த விமானி திரும்பவில்லை. இப்போது போர் விமானத்தின் வால் மடலை அசைக்கும் கருவியை உருவாக்குவதுதான் ஜெயசிங்கின் வேலை. தலைமை வடிவமைப்பாளர் சண்பகவல்லி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் ஜெயசிங்குக்குக் குரு அவர்தான்.

கருவியில் ஒரே தண்டில் இரண்டு பிஸ்டன்கள், அவற்றை எண்ணெய் அழுத்தத்தால் தள்ள இரண்டு சிலிண்டர்கள். ஒன்றில் எண்ணெய் ஒழுகிப்போனாலும் மற்றது இழுக்கும். ஆனால் சோதனையில் குண்டு பட்டதும் ஒரு சிலிண்டர் உள்பக்கமாக நசுங்கியது. அதன் பிஸ்டன் அங்கே முட்டி நின்றது. நல்ல சிலிண்டராலும் தண்டை அசைக்க முடியவில்லை. ஜெயசிங் பிஸ்டனை இன்னும் கெட்டியாக்கினார். மறுபடியும் சிக்கிக்கொண்டது. மிச்சம் ஒரே ஒரு சோதனை. அதிலும் தோற்றால் கருவியையே கைவிட்டுவிடுவார்கள்.

கேன்டீனில் சண்பகவல்லியிடம் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு கெட்டியாக்கணும், மேடம்?"

சண்பகவல்லி ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். டம்ளரின் வயிறு உள்ளே போனது.

"அம்மா, நேத்துதான் ஒண்ணு போச்சு!" என்று கத்தினார் கேன்டீன் காதர்.

"இதுக்குள்ள அந்தச் சின்ன டம்ளரை அடிவரைக்கும் தள்ளுங்க, சார்."

சின்ன டம்ளர் பாதியில் நின்றது. ஜெயசிங் முகம் சிவக்க அழுத்தினார். அசையவில்லை.

"அதை எடுத்துட்டு இதைத் தள்ளுங்க."

சண்பகவல்லி நீட்டியது ஒரு காகிதக் கப். விளிம்பு கிழிந்து, கசங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

"உடையுற மாதிரியா செய்யச் சொல்றீங்க? போர் விமானத்துக்கா?"

"சும்மா உடையக் கூடாது. முட்டினா மட்டும் உடையணும். எங்கேன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

முட்டினால் அங்கேயே முறியும்படி, ஜெயசிங் பிஸ்டனின் தலையைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று வைத்தார்.

கடைசிச் சோதனை. குண்டு பாய்ந்தது, சிலிண்டர் நசுங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம். தண்டு ஒரு கணம் தயங்கியது, பிறகு போய்வரத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயசிங் மட்டும் கருவியைப் பிரித்து, உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பாடுபட்டுக் கடைந்தது!

"இது இனி எதுக்கும் ஆகாதே, மேடம்."

"பைலட் திரும்பி வரட்டும், சார். பிஸ்டன் வேற செஞ்சுக்கலாம்."

பிற்பாடு இன்னொருவரிடமும் விசாரித்துப் பார்த்தேன். ஜெயசிங் கெட்டியாக்கிக்கொண்டே போன அந்தப் பழைய பிஸ்டன், சண்பகவல்லி வடிவமைத்தது.