ஒற்றைக் காதுக் கரடி

வீட்டில் சேர்ந்த பொம்மைகளைக் கழித்துக்கட்டுவது ஒரு பெரிய வேலையா என்று ஒருவர் கேட்டால், அவர் வீட்டில் குழந்தை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் கேட்கக் கேள்வி இருக்கிறது.

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செண்பகவல்லி, அவள் கணவர் சிவகுரு, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் தாரிணி, யு.கே.ஜி. போகும் மகன் நகுலன் ஆகியோர் குடியிருந்தார்கள். நகுலனுக்கு இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். "துணி பொம்மையில தூசி தங்கும். அவன் படுக்கிற ரூம்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செண்பகவல்லியும் சரியென்று தலையாட்டினாள்.

அன்றே கட்டிலடி, அலமாரி, சோபா இடுக்கு எல்லாம் கலைந்தது. சக்கரமில்லாத கார்கள், எந்தப் பெட்டியைச் சேர்ந்தவை என்று கடவுளுக்கே தெரியாத பிளாஸ்டிக் துண்டுகள். நல்லவை அங்கன்வாடிக்கு, உடைந்தவை குப்பைக்கு. நகுலன் கர்ண மகாராஜா மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்தான். ஒரே ஒரு கரடியை மட்டும் மார்போடு கட்டிக்கொண்டான். அதன் இடது காதைப் பல் முளைத்த காலத்தில் அவன் கடித்தே பிய்த்துவிட, செண்பகவல்லி தன் பழைய நூல்புடவையைக் கிழித்து வேறு காது தைத்திருந்தாள். கரடி பக்கத்தில் இருந்து, அந்தக் காதை விரலிடுக்கில் உருட்டினால்தான் பையனுக்குத் தூக்கம் வரும். ஒருமுறை பழனிக்குப் போனபோது கரடியை வீட்டில் மறந்துவிட்டார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் அம்மாவின் முந்தானையை உருட்டிக்கொண்டே தூங்கிப்போனான்.

"உன்னைக் கேக்காம யாரும் இதைத் தொட மாட்டாங்கடா" என்று செண்பகவல்லி வாக்குக் கொடுத்தாள். டாக்டருக்கு ஒரு வாக்கு, பிள்ளைக்கு ஒரு வாக்கு. ஒன்று பொய்யாகத்தானே வேண்டும்?

மறுநாள் அவன் பள்ளிக்குப் போனதும் கரடியைப் பழைய வேட்டியில் சுற்றி, கொலுப் பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். அந்தப் பெட்டியை நவராத்திரிக்கு முன் யாரும் திறக்கமாட்டார்கள் என்பது அவள் தைரியம். பையன் கேட்டதற்கு, "கரடி கொலு பொம்மையாயிடுச்சுடா கண்ணு. நவராத்திரிக்கு வந்துடும்" என்றாள். கொலு முடிந்தே ஒரு மாதம் ஆகவில்லை. நகுலன் நம்பினான், ஆனால் அழுகை நிற்கவில்லை. அழ அழ இளைப்பு ஏறியது.

சிவகுருவுக்குப் பொறுக்கவில்லை. "தூசிதானே பிரச்சினை? துவைச்சாப் போச்சு!" என்று கரடியை இறக்கி, வெந்நீரில் முக்கி, கொடியில் போட்டார். ஐப்பசி மழையில் வேட்டியே காயாது. பஞ்சடைத்த கரடி எங்கே காயும்? மேலே காய்ந்து, உள்ளே ஈரத்தோடு பையன் கைக்கு வந்தது. பூஞ்சை வாடையில் இளைப்பு முன்னைவிட அதிகமானது. பெற்றவர்கள் இருவரும் பயந்தே போனார்கள்.

அப்போதுதான் தாரிணி தம்பியையும் கரடியையும் அழைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது அவளுடைய ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் இடது காதில்லாத கரடி.

"அடிப்பாவி, வெட்டிட்டியேடி!" என்று செண்பகவல்லி அலறினாள்.

நகுலன் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. கரடியை வாங்கி அவனே அம்மாவிடம் நீட்டினான். "பரண்ல வெச்சிடும்மா."

அன்றிலிருந்து அவன் நெஞ்சில் விசில் குறைந்தது, பிறகு நின்றே போனது. தூங்குகிறவன் மார்பில் செண்பகவல்லி காதை வைத்து வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கே மூச்சு வந்தது போலிருந்தது.

ஆனாலும் வழக்கு தீரவில்லை. "தூக்கிப் போடாம பத்திரமா வெச்சவ நான்" என்றாள் அம்மா. "அழுத புள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தவன் நான்" என்றார் அப்பா. ஆசைப் பொம்மையை வெட்டியவள் மகள். கேட்டவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி? உயிராக நினைத்த கரடியை நகுலன் எப்படி விட்டுக்கொடுத்தான்?

விடை: தாரிணி செய்ததுதான் சரி. கேட்காமல் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவள் அம்மா, காப்பாற்றியவள் மகள். கதவைச் சாத்திக்கொண்டு அவள், "இதுல உனக்கு எதுடா வேணும்?" என்று கேட்டாள். "காது" என்றான். பெரியவர்கள் இருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளங்கையளவு துணி, தினமும் அலசினால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். பிள்ளை இத்தனை நாள் உருட்டியது தன் புடவையைத்தான் என்று உறைத்தபோது, செண்பகவல்லி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அடுத்த நவராத்திரிக்குச் சொன்னபடியே கரடி கொலுவில் கீழ்ப்படிக்கு வந்தது. தாம்பூலம் வாங்க வந்த எதிர்வீட்டு மாமி, "ஏண்டா, இதுக்கு ஒத்தக் காதுதானா?" என்று கேட்டாள்.

நகுலன் டிரவுசர் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். "இன்னொண்ணு என்கிட்ட இருக்கு மாமி."