கட்டை கட்டின சக்கரம்

டேய், டிராக்டர் மட்கார்டுல குந்திக்கிட்டு ஊர்வலம் போற மாப்பிள்ளைங்களா, இறங்கி வந்து இதைக் கேளுங்க. சிரிக்கிறதெல்லாம் இப்பவே சிரிச்சுக்குங்க, அப்புறம் வராது.

தணிகாசலத்துக்கு அம்பது வயசு. அவருக்கு டிராக்டர் கத்துக்குடுத்த சகாயமேரி அவரைவிட இருவது வயசு சின்னவ. ஆனாலும் 'டீச்சர்'னுதான் கூப்பிடுவாரு.

அன்னைக்கு நடவுக்குச் சேறடிக்கப் போன வண்டி நடுவயல்ல பொதைஞ்சுபோச்சு. பின்சக்கரம் பாதி சேத்துக்குள்ள. டீச்சர் வந்து சேர்றதுக்குள்ள தணிகாசலம் ஒரு பனங்கட்டையைக் குறுக்க வெச்சு, ரெண்டு பின்சக்கரத்தோடயும் சங்கிலி போட்டு இறுக்கிட்டாரு. சக்கரம் கட்டையை மிதிச்சு மேல ஏறிரும்னு நெனைப்பு.

"ரிவர்ஸ் போட்டுப் பாத்தீங்களாண்ணே?"

"நடவு ஆளுங்க மொத்தமும் என்னையத்தான் பாக்குது டீச்சர். பின்னாடி வந்தா நான் புடவைதான் கட்டிக்கணும்."

"புடவை கட்டினவதான் உங்களுக்குக் கத்துக்குடுத்தா. கட்டை எதுக்கு?"

"ஊரே இப்படித்தான் கட்டுது."

டீச்சர் ஏறி சீட்டுல உக்காந்தா. "வரப்புல போய் நில்லுங்க."

இஞ்சின் உறுமுச்சு. தணிகாசலம் வரப்புல ஏறி நின்னாரு. வாய் மட்டும் அடங்கல.

"எல்லா வேலையும் செய்யுற வண்டிதானே டீச்சர்? இந்தச் சேறு என்ன பண்ணிரும்?"

"ஆரம்பத்துல உழவு மட்டுந்தான் செஞ்சுது. யானை கனம், இரும்புச் சக்கரம். பயிருக்கு நடுவுல போகணும், லோடு இழுக்கணும், பம்ப் ஓட்டணும், எல்லாத்துக்கும் ஒரே வண்டி வேணும்னாங்க. எடையைக் கொறைச்சாங்க. உடம்பை ஒசத்துனாங்க."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா கலப்பை வேர்ல மாட்டுனா எடை கொறைஞ்ச வண்டி மூக்கைத் தூக்கிப் பின்னாடி மல்லாந்துச்சு. ஓட்டுனவன் அடியில. அப்புறந்தான் மாட்டுனா மூக்கு அமுங்குற மாதிரி கலப்பையைக் கோத்தாங்க. இதுல நடந்த ஒவ்வொரு மாத்தத்துக்கும் அடியில ஒரு ஆளு கெடக்கான்ணே."

"கட்டை கட்டுறதுக்கு?"

"அதுக்கு இன்னும் மாத்தம் வரல."

டீச்சர் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டா.

கட்டை சேத்துல கவ்விக்கிச்சு. சக்கரம் அசையல. சக்கரம் சுத்தலைன்னதும் வண்டியே அதைச் சுத்த ஆரம்பிச்சுது. முன்சக்கரம் ரெண்டும் சேறு சொட்டச் சொட்ட மேல எந்திரிச்சுது. பானட் வானத்தைப் பாத்துச்சு. டீச்சரோட முதுகு சேத்துப் பக்கம் சாயுது.

தணிகாசலம் வயல்ல குதிச்சாரு. முழங்கால் வரைக்கும் பொதைஞ்சுது. இழுத்தும் கால் வரமாட்டேங்குது.

டீச்சர் கிளட்சை மிதிச்சா. மூக்கு தொப்புனு விழுந்துச்சு. மிதிச்ச கால் கிளட்சு மேலயே இருக்கு.

"இன்னும் கொஞ்சம் விடவாண்ணே?"

"வேணாம். ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க டீச்சர்."

"ஏன்? ஊரு கட்டுற கட்டைதானே?"

தணிகாசலம் வரப்புல நின்ன நடவு ஆளுங்களைத் திரும்பிப் பாத்தாரு.

"ஊரு கட்டல டீச்சர். நான்தான் கட்டினேன்."